பாறையை உடைத்தது யார்?

நிகழ்வு ஆய்வு: கடற்பாசி எடுக்கும் பெண்கள், ஒரு சினிமா, ஒரு விருது மேடை

எழுதுவது யார்

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மீனவ ஊரில் இ-சேவைக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெண்களின் பாசிச் சங்கத்துக்கு மனு எழுதுவது, தீர்மானம் டைப் அடிப்பது எல்லாம் என் கடையில்தான். சினிமாக்காரர்கள் வந்தபோது லோக்கல் ஏற்பாட்டுக்கும் என்னைத்தான் பிடித்தார்கள். 34 நாள் சம்பளம் வாங்கினேன். ஆக, இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவன் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படத்தின் பெயர், நடிகர்களின் பெயர், ஊரின் பெயர் எதையும் எழுதவில்லை. சங்கம் அப்படித்தான் கேட்டுக்கொண்டது. கீழக்கரைப் பக்கமோ ஏர்வாடிப் பக்கமோ நாளைக்கு ஒரு படக்குழு வந்து இறங்கினால் அங்குள்ளவர்களுக்கு இது உதவட்டும் என்றார்கள்.

ஊரும் தொழிலும்

தூத்துக்குடிப் பக்கத்து வான்தீவில் தொடங்கி மண்டபம், பாம்பன் பக்கத்துத் தீவுகள் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் அந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்கள் பாட்டிகள் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துவந்தவர்கள். பூங்கா வந்த பிறகு, அதே தண்ணீரில் இறங்குவது அத்துமீறல் ஆகிவிட்டது. பிடிபடுவது, அபராதம் கட்டுவது, வத்தை என்கிற படகைப் பறிகொடுப்பது என்று பல வருடம் போனது. சங்கம் கட்டியது அதற்காகத்தான்.

வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு வத்தையில் ஏறுவார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. காலில் தகட்டைக் கட்டிக்கொள்வார்கள், பாறை குத்தாமலிருக்கவும் தண்ணீரை உதைத்து நகரவும் அதுதான் துடுப்பு. பாசி ஒட்டியிருக்கும் பாறை பிளேடு மாதிரி அறுக்கும் என்பதால் விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். மூச்சைப் பிடித்து முங்கி, கையால் கிள்ளி, இடுப்பில் கட்டிய பையில் போட வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி ஜெல்லிக்குப் போடும் அகர் அகர் செய்யப் போகிறது, கட்டக்கோரை என்ற பாசி கெட்டிப்படுத்தும் பொருளான ஆல்ஜினேட்டுக்கு. சொறி (ஜெல்லி மீன்) பட்டால் அன்று முழுக்க உடம்பு எரியும்.

அவர்களாகவே வைத்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடும் உண்டு. மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவார்கள், அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. மீன் குஞ்சு பொரிக்கும் கோடையில் 45 நாள் அடியோடு நிறுத்திவிடுவார்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஒரு பெண்ணுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீக்காலஜி என்ற சூழல் அமைப்பின் பரிசு கிடைத்ததே, அது இப்படிப்பட்ட வேலைக்காகத்தான். விருது என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிது இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதை உடைப்பது ஜாமீனுக்கு அலையவைக்கும் குற்றம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டி எடுத்த காலம் ஒன்று இந்தக் கடலில் இருந்தது உண்மைதான். அது வேறு ஆட்கள், வேறு தொழில். ஆனால் பாசிக்காரப் பெண்கள் மிதித்துப் பாறை நாசமாகிறது என்ற பழியும் வெகுகாலமாக இருக்கிறது. "பாறை இருந்தாத்தான் பாசி, பாசி இருந்தாத்தான் நாங்க" என்று சொல்லிச் சொல்லியே சங்கம் அந்தப் பழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வைத்திருந்தது.

படக்குழு வந்தது

வந்தது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். வாடகைக்குப் படகு கிடைக்கும், ஆள் கிடைக்கும், பின்னணியும் அழகாக இருக்கும். பெண்களுக்கும் வேலை இல்லாத நேரம். யாரும் பேரம் பேசவில்லை.

கதாநாயகி வெளி மாநிலத்துக்காரர். அவருக்குக் கண்ணாடி போடவும், தகடு கட்டவும், முங்கவும் சொல்லிக்கொடுக்க மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நாளுக்கு 800 ரூபாய். "கடைசியில டைட்டில்ல உங்க பேர் வரும்மா" என்று உதவி இயக்குநர் சொன்னார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுதி வாங்க வேண்டும் என்று ரேஷன் கார்டு திருத்தத்துக்கே மூன்று ஜெராக்ஸ் கேட்கிற எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு விஷயம் அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

முதலாவது, மேக்கப். தினமும் காலையில் அந்தப் பொண்ணுக்கு ஒன்றரை மணி நேரம் கறுப்புப் பூசினார்கள். எங்கள் பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "நம்ம கலரு இம்புட்டாடி?" என்று ஒருத்தி கையை நீட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் கையைவிட மேக்கப் இரண்டு மடங்கு கறுப்பு. எல்லோரும் சிரித்தபோது சிரிக்காத ஒரு ஆள் இருந்தாள். ஊரில் ப்ளஸ் டூ முடித்த பெண், கதாநாயகியின் தங்கை வேடத்துக்கு ஆடிஷன் கொடுத்தவள். "ஃபேஸ் செட் ஆகல" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வேடத்துக்கு வந்தவருக்கும் அதே டப்பாவிலிருந்துதான் பூசினார்கள்.

இரண்டாவது, பாசி. தடைக்காலத்தில் எடுக்க மாட்டோம் என்று பெண்கள் திட்டமாகச் சொல்லிவிட்டார்கள். வியாபாரியின் குடோனிலிருந்து காய்ந்த பாசி மூட்டைகளை வாங்கி, டிரம்மில் ஊறவைத்து, அதைத்தான் 'இப்போது எடுத்த பாசி' என்று பையில் போட்டுப் படம் பிடித்தார்கள். ஊறிய பாசி நிறம் வெளுத்துச் சவசவ என்று கிடந்தது. சினிமா என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம். கரையில் நம் கண் முன்னால் எடுப்பது இப்படி என்றால், நாம் பார்க்காத இடத்தில் என்ன எடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடிகையைப் பற்றி நியாயமாகவும் எழுத வேண்டும். கச்சான் காற்று ஏறிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பொண்ணு 11 நாள் தண்ணீரில் இறங்கியது. விரல் கிழிந்தது. ஒருநாள் சொறி பட்டுத் தோள் முழுக்கத் தடித்துப்போய், சாயங்காலம் மறுபடி வந்து நின்றது. எங்கள் பெண்களுக்கு அதன்மேல் இன்றுவரை கோபம் இல்லை.

படத்தில் இருந்தது

படம் வெளியான அன்று ராமநாதபுரத்தில் தியேட்டர் வாசலில் கதாநாயகனின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள். ஏணிமேல் ஏறி ஊற்றியவன், பயிற்சி கொடுத்த மூன்று பெண்களில் ஒருவரின் மகன். அவன் அந்த நடிகரின் நற்பணி மன்றத்தில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறான். அம்மா 800 ரூபாய்க்கு முங்கியது தெரியும், ஆனால் அவனுக்கு அது தலைவர் படம்.

மறுநாள் சங்கப் பெண்கள் 22 பேர் இரண்டு வேன் பிடித்துப் போனார்கள். நானும் போனேன்.

இடைவேளை வரை கலகலப்புதான். தங்கள் வீடு வந்தால் விசில், கோயில் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வது. இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. கதாநாயகி இரவில் தீவுக்குப் போகிறாள், கடலுக்கடியில் கடப்பாரையால் பவளப்பாறையை உடைத்துப் பையில் போடுகிறாள், வனக்காவலர் பிடிக்கிறார், நாயகன் வந்து காப்பாற்றுகிறான். ஒன்றரை நிமிடம் இருக்கும். பின்னணி இசை உருக்குகிறது.

தியேட்டரில் எங்கள் வரிசை அப்படியே அடங்கிப்போனது. சங்கத்தின் மூத்த பெண், பயிற்சி கொடுத்த மூவரில் ஒருவர், எல்லோருக்கும் பெரியம்மா, என் பக்கம் திரும்பி, "இத எப்பய்யா எடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. சென்னையில் நீச்சல் குளத்தில், பிளாஸ்டர் பாறை வைத்து எடுத்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்று. நிஜத்தில் பெண்களே கலெக்டர் அலுவலகம் வரை போய் உட்கார்ந்து அடையாள அட்டைக்குப் போராடினார்கள். படத்தில் அந்த மனுவை நாயகன் எழுதுகிறான், நாயகன் பேசுகிறான், பெண்கள் பின்னால் நின்று அழுகிறார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. கேட்டரிங் கான்ட்ராக்டர் வரை இருந்தது, எங்கள் மூன்று பேர் இல்லை.

வெளியே ஒரு சண்டை, ஊருக்குள் வேறொரு சண்டை

படம் பெரிதாக ஓடவில்லை, ஆனால் பேச்சு ஓடியது. கறுப்பு மேக்கப் தகராறுதான் அது. ஒரு கறுத்த பெண்ணின் வேடத்துக்கு வெளுத்த நடிகையைப் போட்டுக் கறுப்புப் பூசுவது ஏன், இந்த ஊரில் நடிக்க ஆளே இல்லையா என்று சென்னையிலும் மதுரையிலும் எழுதினார்கள். 2019-ல் ஒரு இந்திப் படத்தில் இதே மாதிரி பூசியபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. ஆஸ்கரில் 2015, 2016 இரண்டு வருடமும் நடிப்புக்கான 20 இடங்களுக்கும் வெள்ளையர்களையே பரிந்துரைத்தபோது வெடித்ததும் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கோபம்தான். அதன் பிறகுதான் அங்கே ஆட்களைச் சேர்ப்பதில் மாற்றம் கொண்டுவந்து, 2020-ல் சிறந்த படத்துக்குப் பன்முகத் தகுதி விதிகளை அறிவித்தார்கள். நான்கு பிரிவில் இரண்டையாவது நிறைவு செய்ய வேண்டும், 2024 விருதிலிருந்து கட்டாயம்.

அந்தக் கேள்வி தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆடிஷனில் திருப்பி அனுப்பிய பெண்ணுக்கு அதுதான் முழுக் கேள்வி. ஆனால் ஊருக்குள் பெரும்பாலான பெண்களுக்கு மேக்கப் ஒரு சிரிப்பு, கடப்பாரை ஒரு பயம். யார் நடித்தார்கள் என்பதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். என்ன தொழில் செய்வதாகக் காட்டினார்கள் என்று எழுத ஒருவரும் இல்லை. ஆஸ்கர் விதி மாதிரி ஒன்றை நம்மூரில் கொண்டுவந்தாலும் அது திரையில் இருக்கும் முகத்தையும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஆட்களையும்தான் எண்ணும். கையில் கொடுத்த கடப்பாரையை எண்ணாது.

பயம் வீண் பயமும் இல்லை. படம் வந்து மூன்றாவது வாரம் ஒரு சோதனையில் வத்தையை நிறுத்திய சீருடைக்காரர் ஒருவர், "கடப்பாரை எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகத்தான் கேட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். ஆனால் அன்று பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். அதற்கு முன் அப்படிக் கவிழ்த்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இந்த நேரத்தில் ஒரு தனியார் விருது விழாவில் கதாநாயகிக்குச் சிறந்த நடிகை விருது என்று செய்தி வந்தது. ஒரு பேட்டியில் அவர், "நான் அவர்களில் ஒருத்தியாகவே வாழ்ந்தேன், குரலற்றவர்களின் குரலாக இருக்க விரும்புகிறேன்" என்றார். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "குரல் இல்லையாமா, எனக்கா? எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுப் பாக்கச் சொல்லு."

நான் செய்த தப்பு

பெண்களின் கோபத்தை வெளியே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். பயிற்சி கொடுத்த மூவரில் ஒருவரை (பால் ஊற்றிய பையனின் அம்மா) கடை வாசலில் நிற்கவைத்து ஃபோனில் இரண்டு நிமிடம் பேசவைத்தேன். நாங்கள் பாறையை உடைப்பதில்லை, அந்த சீனைப் பார்த்து வயிறு எரிந்தது, இப்படி எடுக்கலாமா என்று கேட்டார். அவ்வளவுதான். அதை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

இரண்டு நாளில் அது 18 வினாடி வீடியோவாகத் திரும்பி வந்தது. "வயிறு எரியுது" என்பது மட்டும் இருந்தது, மேலே 'படத்தைத் தடை செய்! மீனவப் பெண்கள் ஆவேசம்' என்று எழுத்து. தடை என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. நாயகனின் ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாள் என்றார்கள். அந்த அக்காவின் நம்பர் எப்படியோ வெளியே போய், ராத்திரி 12 மணிக்கெல்லாம் அழைப்பு. எடுத்துத் திட்டியவர்களில் ஒருவனுக்குத் தான் திட்டுவது தன் ஒன்றியப் பொறுப்பாளரின் அம்மாவை என்று தெரியாது.

அந்த வீட்டில் நான்கு நாள் சோறு சரியாக வேகவில்லை. மகன் அம்மாவிடம், "தலைவரைப் பத்தி ஏம்மா பேசுன?" என்று கேட்டிருக்கிறான். "நான் எங்கடா உன் தலைவரைப் பேசுனேன், கடப்பாரையத்தான பேசுனேன்" என்று அம்மா. அவனே மன்றத்து குரூப்பில் முழு வீடியோவைப் போட்டு விளக்கம் எழுதிய பிறகுதான் அழைப்புகள் குறைந்தன. அந்த அக்காவின் சிம்மை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். "விடு தம்பி" என்றார், ஆனால் இன்றுவரை என் கடையில் ஃபோனை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சங்கக் கூட்டம், எடுத்த முடிவுகள்

வீடியோ பரவியதும் ராமநாதபுரத்திலிருந்து இரண்டு அமைப்புகள் ஆதரவு தர வந்தன. தியேட்டர் முன் மறியல் செய்யலாம் என்றார்கள். விருதுக் குழுவுக்கு எழுதி விருதை நிறுத்தலாம் என்றும், படத்தைத் தேசிய விருதுக்கு அனுப்பப் போகிறார்களாம், அதையும் மறிக்கலாம் என்றும் யோசனை வந்தது. (மாநில விருது பற்றி யாரும் பேசவில்லை. 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு 2017-ல் அறிவித்து 2022-ல் மேடையில் கொடுத்தார்கள். அந்த வேகத்தில் போனால் மறிப்பதற்குள் எங்களுக்கு வயதாகிவிடும்.)

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. தெரிந்த வக்கீல் ஒருவரை அழைத்திருந்தோம். தணிக்கைச் சான்று வாங்கிய படத்தைப் போராட்ட மிரட்டலுக்காக நிறுத்த முடியாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார் அவர். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கு. தடை கேட்டால் தோற்பது மட்டுமில்லை, கேட்டது என்ன என்பதே மறந்துபோகும் என்றும் சொன்னார்.

முதுமலையும் பேச்சில் வந்தது. தெப்பக்காட்டில் யானைக்குட்டி வளர்த்த தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ஆகஸ்டில் அதே தம்பதி தரப்பிலிருந்து படமெடுத்தவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது, அவர்கள் மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு என்ன தெரியும். ஆனால் கை தட்டு ஓய்ந்த பிறகு பேசினால் அது வழக்காகத்தான் போகும், விருது நேரத்தில்தான் எதிர்த் தரப்பு ஃபோனை எடுக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

முடிவுகள் இப்படி இருந்தன. மறியல் வேண்டாம், தடை கேட்க வேண்டாம். நடிகையின் விருதுக்கு எதிராக ஒரு வரிகூட எழுத வேண்டாம். இதற்குப் பெரியம்மா சொன்ன காரணம்: "அந்தப் புள்ள விரல் கிழிஞ்சு சம்பாரிச்சது, அதப் புடுங்கி நமக்கு என்ன ஆகப்போகுது?" ஆடிஷன் கொடுத்த பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வராத இடத்துக்குத்தானே அந்த விருது என்றாள். அவள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் தனியாக எழுதிவைத்தோம்.

தயாரிப்புத் தரப்புக்கு ஒரே கடிதம், மூன்று கேட்பு: ஓடிடி-யில் வருவதற்கு முன் பாறை உடைக்கும் காட்சியை எடுக்க வேண்டும், முடியாவிட்டால் படத்தின் தொடக்கத்தில் விளக்கம் போட வேண்டும். மூன்று பெண்களின் பெயர் வர வேண்டும். கூடுதலாக வேலை வாங்கிய 4 நாள் பாக்கியைத் தர வேண்டும். இனிமேல் வெளியாட்களிடம் சங்கச் செயலாளர் தவிர யாரும் பேசக் கூடாது. கடைசி வரி எனக்காகப் போட்டது.

மேடைக்கு அழைப்பு

கடிதம் போய் ஆறாவது நாள் தயாரிப்பு மேலாளர் அழைத்தார். நல்ல மரியாதை. பாக்கியைப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு முன் ஒரு சந்தோஷமான செய்தி என்றார். விருது விழாவில் நடிகைக்கு விருதை அந்த மூன்று பெண்களே கொடுத்தால் நன்றாக இருக்கும், டிக்கெட், தங்க ரூம் எல்லாம் உண்டு என்றார். ஒரு சின்ன விஷயம், அந்த வேலை உடையிலேயே வர முடியுமா? சட்டை, கண்ணாடி, அந்தத் தகடும் இருந்தால் ரொம்ப நல்லது.

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பெரியம்மா கையை நீட்டி ஃபோனை வாங்கினார்.

"ஏன் தம்பி, நீங்க கல்யாணத்துக்குப் போகும்போது கேமராவத் தோள்ல தொங்கப் போட்டுக்கிட்டா போவீங்க?"

மறுமுனையில் சிரிப்பு வந்தது, ஆனால் பதில் வரவில்லை.

போகலாமா வேண்டாமா என்று மறுபடி ஒரு கூட்டம். போனால் படத்துக்கு நாமே முத்திரை குத்தின மாதிரி ஆகும் என்று பாதிப் பேர். போகாவிட்டால் பேச வேறு மேடை கிடையாது என்று மீதிப் பேர். இங்கே நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கும் யோக்கியதையும் இல்லை. கடைசியில் மூன்று நிபந்தனையோடு போவது என்று முடிந்தது: திருவிழாச் சேலையில்தான் வருவோம், மூவரில் ஒருவர் மைக்கில் பேசுவார், கடிதத்துக்குப் பதில் எழுத்தில் வந்த பிறகே ரயில் ஏறுவோம். மூன்றாவது நிபந்தனைக்குத்தான் பலன் கிடைத்தது. இரண்டு நாளில் மெயில் வந்தது. விளக்கம் போடுகிறோம், பெயர் சேர்க்கிறோம், பாக்கி தருகிறோம், காட்சியை எடுக்க முடியாது, கொஞ்சம் குறைக்கிறோம்.

விழாவில் நான் இல்லை, அவர்கள் சொன்னதை எழுதுகிறேன். நாலரை மணி நேரம் பின்னால் உட்காரவைத்தார்கள். மேடையில் மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. நடிகை மூவரையும் கட்டிப்பிடித்து அழுதது, அது நடிப்பு இல்லை என்று மூவரும் சொல்கிறார்கள். நன்றி மட்டும் சொல்லுங்கம்மா என்று தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். பெரியம்மா நன்றி சொல்லிவிட்டு, "பாறைய நாங்க உடைக்க மாட்டோம். பாறை இருந்தாத்தான் பாசி. இத எல்லாரும் தெரிஞ்சுக்கங்க" என்றார். கை தட்டினார்கள். அடுத்த வரிசையில் நாயகன் எழுந்து நின்றதும் அரங்கில் வந்த கூச்சலில் அந்தக் கை தட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

அதன் பிறகு

மூன்று வாரம் கழித்து விழாவை டிவியில் போட்டார்கள். கட்டிப்பிடித்தது இருந்தது, பேசியது இல்லை. ஊரே கூடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா டிவியை அணைக்கச் சொல்லவில்லை, விளம்பரம் முடியும் வரை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஓடிடி-யில் வந்தபோது தொடக்கத்தில் இரண்டு வரி இருந்தது: பாசி சேகரிக்கும் பெண்கள் பவளப்பாறையைச் சேதப்படுத்துவதில்லை, இக்காட்சி கற்பனையே. ஆறு வினாடி நிற்கிறது. பாறை உடைக்கும் காட்சியில் இரண்டு ஷாட் குறைந்திருந்தது, கடப்பாரை அப்படியேதான் இருக்கிறது. பாக்கிப் பணம் 4 நாளுக்குப் பதில் 3 நாளுக்கு வந்தது. அந்த இரண்டு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து வத்தைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வழியில் நிறுத்திக் கேட்டால் அடையாள அட்டையோடு சேர்த்து அதையும் காட்டுகிறார்கள். ஒருமுறை சீருடைக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்து அனுப்பினாராம். பையைக் கவிழ்க்கவில்லை.

நாயகனின் அடுத்த படத்துக்கு மன்றம் ஃப்ளெக்ஸ் வைத்தது. நாயகனுக்குப் பக்கத்தில், விருது மேடையில் நிற்கும் மூன்று பெண்களின் படமும் இருந்தது, கீழே 'எங்கள் மண்ணின் தாய்மார்கள்'. வைத்தவன் அந்த மகன். அம்மாவுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். "என் தலை சின்னதா இருக்கு, அவரு தலை பெருசா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மகன் இன்னும் மன்றத்தில்தான் இருக்கிறான்.

ஆடிஷன் கொடுத்த பெண் ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். படத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது நடந்தால் என்ன மாற்றுவோம்

முதல் நாளே ஒரு பக்கத்துக்குத் தமிழில் ஒப்பந்தம் எழுதுவோம்: எத்தனை நாள், எவ்வளவு, பெயர் எங்கே வரும் என்று. இது சுலபம். கஷ்டமானது கதை விஷயம். முழுக் கதையைக் காட்டு என்று கேட்டால் யாரும் காட்ட மாட்டார்கள், காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. தொழில் செய்வதாக வரும் காட்சிகளை மட்டும், வேறு ஊரில் எடுக்கப்போவதையும் சேர்த்து, சொல்லிவிட்டு எடுங்கள் என்று கேட்கலாம். போன மாசி மாதம் ஒரு குறும்படக் குழு வந்தபோது சங்கம் இதைத்தான் கேட்டது. அவர்கள் இரண்டு காட்சியைப் படித்துக் காட்டினார்கள், ஒன்றில் பெண்கள் பாசியை வேரோடு பிடுங்கினார்கள். "வேரோட புடுங்கினா அடுத்த மாசம் என்னத்த எடுக்கிறது?" என்றதும் அங்கேயே அடித்துத் திருத்திக்கொண்டார்கள். ஐந்து நிமிட வேலை.

வெளியே பேசுவதற்கு முன் என்ன வேண்டும் என்பதை எழுதிவிட வேண்டும், பிறகுதான் வீடியோ. நான் தலைகீழாகச் செய்தேன். பாதிக்கப்படுகிறவரின் நம்பரும் முகமும் என் கடை வாசலிலிருந்து போயிருக்கக் கூடாது.

விருதுக்குப் போனது சரியா என்பதில் சங்கத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. எழுத்துப் பதில் வாங்கிக் கொடுத்தது அந்த அழைப்புத்தான் என்பதால் நான் சரி என்பேன். டிவியில் வெட்டியதை நினைத்தால் இல்லை என்பேன். பேசியதை நாமே ஒரு ஃபோனில் பதிவு செய்துகொள்ளவும் நிபந்தனை போட்டிருக்கலாம்.

ஓடிடி-யில் கடைசியில் ஓடும் பெயர்களில் மூவர் பெயரும் இருக்கிறது. பெரியம்மாவின் பெயரில் மட்டும் ஒரு எழுத்து தப்பு. இரண்டு முறை மெயில் போட்டேன். 'நோட்டட்' என்று பதில் வந்தது. நேற்றும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.